சார்லஸ் ஷெல்டனின் பிரசங்கக் கதைகள்: வாழ்வும் புனைவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கிறித்தவப் புனைகதைகளுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று, சார்லஸ் மன்றோ ஷெல்டன் (1857–1946) எழுதிய ‘அவருடைய அடிச்சுவடுகளில்’ என்னும் புதினம். இது 1896ஆம் ஆண்டு கேன்சஸ் மாநிலத் தலைநகரான டொபீகாவில், ஒரு திருச்சபை மக்கள்முன் வாரந்தோறும் வாசிக்கப்பட்ட கதையாகும். இப்புதினத்தின் வடிவத்தை வாய்மொழி வாசிப்பு எவ்வாறு தீர்மானித்தது என்பதையும், அது எழுப்பும் சமூகக் கேள்விக்கும் முன்வைக்கும் தனிமனித விடைக்கும் இடையே உள்ள இடைவெளியையும், அவ்விடைவெளியில் ஆசிரியரின் வாழ்க்கைப் பணி பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷெல்டன், பிரசங்கக் கதை, சமூக நற்செய்தி இயக்கம், டொபீகா, வெகுசன வாசிப்பு.

முன்னுரை

வெகுசன சமயப் புனைகதைகளை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இரு வகையில் கடந்து செல்கின்றனர். விற்பனை எண்ணிக்கையைக் குறிப்பிட்டு வியப்பது ஒன்று. கலைக்குறைகளைச் சுட்டி ஒதுக்குவது மற்றொன்று. அந்நூல் எத்தகைய சூழலில், யார் முன்னிலையில், எந்நோக்கத்துடன் உருவானது என்னும் வினா இவ்விரண்டிலும் எழுவதில்லை. ஷெல்டனின் படைப்பை மதிப்பிட அவ்வினாவே தொடக்கமாக அமைய வேண்டும்.

வாழ்க்கைப் பின்புலம்

நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்த ஷெல்டன், காங்கிரிகேஷனல் சபைப் போதகர் ஒருவரின் மகன். இளமையில் டகோட்டா நிலப்பகுதியில் பண்ணை வாழ்வை அறிந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்திலும் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் பயின்றபின், வெர்மான்ட் மாநிலத்தின் வாட்டர்பரியில் போதகராகப் பணியாற்றினார். 1889இல் டொபீகாவின் மத்திய காங்கிரிகேஷனல் சபையின் பொறுப்பை ஏற்றார்.

தொழில்வளர்ச்சியும் வேலையின்மையும் ஒருங்கே பெருகிய காலம் அது. ஏழ்மை, கூலி, குடியிருப்பு ஆகியவற்றையும் திருச்சபை தன் கடமையாகக் கருத வேண்டும் என்று வலியுறுத்திய சமூக நற்செய்தி இயக்கம் அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகளில் வேரூன்றிவந்தது. ஷெல்டன் பழைய உடையணிந்து வேலை தேடுபவராக டொபீகாவில் அலைந்து பார்த்தார். பின்னர்த் தொழிலாளர், மாணவர், வழக்கறிஞர், இதழாளர் முதலிய பல்வேறு பிரிவினருடன் தங்கி அவர்தம் வாழ்வை அறிந்தார். கதைகளுக்கான பொருள் இவ்வாறு நேரடி அனுபவத்தினின்று அவருக்குக் கிடைத்தது.

பிரசங்கக் கதை என்னும் வடிவம்

ஞாயிறு மாலை வழிபாட்டிற்கு வருவோர் குறைந்திருந்த நிலையில், 1891 முதல் ஷெல்டன் வழக்கமான பிரசங்கத்திற்கு மாற்றாகத் தாமே எழுதிய கதையை வாரம் ஓர் அதிகாரமாக வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் அதிகாரமும் அடுத்த வாரத்தை எதிர்நோக்கச் செய்யும் கட்டத்தில் நிறுத்தப்பட்டது. ‘ராபர்ட் ஹார்டியின் ஏழு நாள்கள்’, ‘பிலிப் ஸ்ட்ராங்கின் சிலுவைப்பாடு’ ஆகியன இம்முறையில் உருவானவை. 1896இல் வாசிக்கப்பட்ட ‘அவருடைய அடிச்சுவடுகளில்’ சிகாகோவின் ‘அட்வான்ஸ்’ இதழில் தொடராக வெளிவந்து, 1897இல் நூலாயிற்று.

இப்புதினத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது. ஒரு பொது உறுதிமொழியைச் சூழப் பல மாந்தரின் கதைகள் தனித்தனி இழைகளாக நகர்கின்றன. அகச்சித்திரிப்பைவிட முடிவெடுக்கும் தருணங்களே முதன்மை பெறுகின்றன. வாசகர் தனித்திருந்து படிக்கும் புதினத்தில் இவை குறைகளாகத் தோன்றலாம். வாரந்தோறும் கூடும் அவை, முந்தைய நிகழ்வை நினைவுகூர்ந்து அடுத்ததைத் தொடர வேண்டிய சூழலில் இவை தேவைகளாகின்றன.

கேள்வியும் விடையும்

ரேமண்ட் என்னும் கற்பனை நகரின் போதகர் ஹென்றி மேக்ஸ்வெல், 1 பேதுரு 2:21ஐ அடிப்படையாகக் கொண்டு பிரசங்கம் ஆயத்தம் செய்கிறார். அப்போது உதவி கேட்டு வரும் வேலையற்ற மனிதனை வெறுங்கையுடன் அனுப்பிவிடுகிறார். அம்மனிதன் ஞாயிறு வழிபாட்டின் இறுதியில் சபையின்முன் எழுந்து பேசுகிறான். அவன் அச்சுத்தொழிலாளி, புதிய அச்சுக்கோப்பு இயந்திரங்களால் வேலையிழந்தவன், அவன் மனைவி நியூயார்க்கின் நெரிசல்மிக்க அடுக்ககத்தில் இறந்தவள். அக்கட்டடத்தின் உரிமையாளரோ ஒரு திருச்சபையின் உறுப்பினர். பேசி முடித்ததும் மயங்கி விழும் அவன் அடுத்த ஞாயிறன்று இறக்கிறான். அதன்பின் மேக்ஸ்வெல், எதைச் செய்யுமுன்னும் தம் நிலையில் இயேசு என்ன செய்வார் என்று கேட்டு ஓராண்டு வாழும்படி சபையாரை அழைக்கிறார்.

இவ்வழைப்பை ஏற்ற இதழாசிரியர் எட்வர்டு நார்மன் குத்துச்சண்டைச் செய்தியை வெளியிட மறுக்கிறார். ஞாயிற்றுப் பதிப்பை நிறுத்துகிறார். தம் நிறுவனம் சட்டத்தை மீறுவதை அறிந்த தொடர்வண்டித்துறைக் கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் பவர்ஸ், சான்றுகளை ஒப்படைத்துப் பதவி விலகுகிறார். பாடகி ரேச்சல் வின்ஸ்லோ இசை நாடக வாய்ப்பைத் துறந்து, ஏழைகள் வாழும் பகுதியில் பாடுகிறார். உறுதிமொழியைக் கைவிடுபவனோ புதின எழுத்தாளனான ஜாஸ்பர் சேஸ். பணமும் புகழும் தரும் கதையை எழுத அவன் தேர்ந்துகொள்கிறான். வெகுசனப் புதினத்தின் ஆசிரியர் அதே கலையைச் சார்ந்த மாந்தனைத் தோல்வியின் சான்றாக்கியிருப்பது, எழுத்தின் நோக்கம்பற்றி ஷெல்டன் கொண்டிருந்த கடுமையான நிலைப்பாட்டைக் காட்டுகிறது.

அச்சுத்தொழிலாளியின் கேள்வி இயந்திரமயம், வேலையின்மை, வாடகைக் குடியிருப்பு ஆகிய கட்டமைப்புகளைப் பற்றியது. புதினத்தின் விடையோ தனிமனிதரின் மனசாட்சியையும் தியாகத்தையும் சார்ந்தது. பவர்ஸ் தனியொருவராகவே விலகுகிறார். தொழிலாளர் அமைப்பு எதுவும் அவருடன் நிற்பதில்லை. ஏழ்மையின் காரணங்களுள் மதுக்கடையே முதன்மை எதிரியாக உருப்பெறுகிறது. 1880இலேயே அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி மதுவிலக்கை ஏற்ற மாநிலத்தில், மதுவிலக்கை ஆதரித்த போதகர் எழுதிய கதையில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும் தொழிலாளி எழுப்பிய கேள்விக்கு இது முழு விடையாகாது.

புனைவைக் கடந்த பணி

டொபீகாவில் ஷெல்டனின் சபைக்கு அருகே, தென்மாநிலங்களினின்று குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் வாழ்ந்த டென்னசிடவுன் என்னும் குடியிருப்பு இருந்தது. 1893இல் அங்கு ஷெல்டனும் சபையாரும் மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பினக் குழந்தைகளுக்கென அமைந்த முதல் மழலையர் பள்ளியாக அது குறிக்கப்படுகிறது. இனப்பிரச்சினை ‘அவருடைய அடிச்சுவடுகளில்’ மையப்பொருளாக இடம்பெறவில்லை. எனினும் 1898இல் வெளிவந்த ‘ஃப்ரீடவுனின் மீட்பு’ என்னும் குறும்புதினம் இப்பணியையே கருவாகக் கொண்டது.

அப்பள்ளியில் பயின்ற எலிஷா ஸ்காட் பின்னாளில் வழக்கறிஞரானார். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கை டொபீகாவில் நடத்திய வழக்கறிஞர்களுள் அவர் மகன்களும் இருந்தனர். அத்தீர்ப்பை மழலையர் பள்ளியின் நேரடி விளைவாகக் கூறுவது மிகையாகும். ஆயினும் ஒரு நிறுவனம் தலைமுறைகளைக் கடந்து செயல்படும் தன்மைக்கு இது சான்றாகும்.

1900 மார்ச் மாதத்தில் ‘டொபீகா டெய்லி கேபிடல்’ நாளிதழ், இயேசு நடத்துவார் என்று தாம் கருதும் முறையில் ஒரு வாரம் இதழை நடத்துமாறு ஷெல்டனை அழைத்தது. நார்மனின் கதை இவ்வாறு நடைமுறைச் சோதனைக்கு உள்ளாயிற்று. தகுதியற்றவை எனக் கருதிய விளம்பரங்களை அவர் மறுத்தார். முதல் இதழின் முகப்பில் இந்தியப் பஞ்சத்தை முதன்மைச் செய்தியாக்கி வாசகரிடம் நிதி வேண்டினார். மேற்கு, மத்திய இந்தியாவைக் கடுமையாகத் தாக்கிய 1899–1900 பஞ்சமே அது. அவ்வாரத்தில் இதழின் விற்பனை ஏறத்தாழ 3,60,000 படிகளாக உயர்ந்தது. செய்தியைவிட அறிவுரையே மிகுதி என்று சமகால இதழாளர் பலர் குறைகூறினர்.

பரவலும் திரிபும்

‘அட்வான்ஸ்’ இதழில் வெளிவந்தபோது பதிப்புரிமைப் பதிவில் நேர்ந்த குறையால் புதினம் சட்டப் பாதுகாப்பை இழந்தது. எனவே பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. ஆசிரியருக்கு வருவாய் குறைந்தது; நூலின் பரவல் பெருகியது. பல கோடிப் படிகள் விற்றதாக வழங்கும் கூற்றை, விற்பனைமிகு நூல்களை ஆராய்ந்த பிராங்க் லூதர் மாட் 1947இல் ஐயத்திற்குட்படுத்தினார்.

1990களில் இப்புதினத்தின் மையக் கேள்வி முதலெழுத்துகளாகச் சுருங்கிக் கைப்பட்டைகளில் இடம்பெற்றது. வேலையற்ற தொழிலாளியின் சாவினின்று பிறந்த கேள்வி, இவ்வாறு தனிமனித ஒழுக்கத்தின் நினைவூட்டலாக மாறியது. இம்மாற்றத்திற்கான வித்து, விடையைத் தனிமனிதரிடமே தேடிய புதினத்திற்குள்ளேயே இருந்தது எனலாம்.

முடிவுரை

ஷெல்டனின் புதினம் வாசிப்பு அவைக்கெனப் பிறந்த வடிவம். அதன் எளிமை அவ்வடிவத்தின் விளைவு. அது எழுப்பும் கேள்வி அது தரும் விடையைவிட ஆழமானது. அக்கேள்விக்கு ஆசிரியர் அளித்த விரிவான மறுமொழி, புதினத்தில் மட்டுமன்றி டென்னசிடவுன் பள்ளியிலும் பஞ்ச நிவாரண வேண்டுகோளிலும் காணப்படுகிறது. எனவே வெகுசன சமயப் புனைகதையை ஆராய்வோர், பனுவலை அது பிறந்த அவையோடும் ஆசிரியரின் செயற்களத்தோடும் இணைத்து வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிக்கும்போது, மயங்கி விழுந்த தொழிலாளியின் சொற்கள் கதைத்தொடக்கத்திற்கான உத்தியாக அன்றி, இன்னும் விடை முற்றுப்பெறாத வினாவாகப் புலப்படும்.