சென்னைத் துறைமுகத்தின் ஆண்டுக் கணக்கும் நம் வட்டாரமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஒரு வீட்டின் நிலையை அதன் வாசலிலே அறியலாம். ஒரு நாட்டின் நிலையை அதன் துறைமுகத்திலே அறியலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அன்று மூட்டைகள், இன்று மோட்டார் கார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகும் கார்கள் சுமார் ஐம்பது கிலோமீட்டர் கடந்து கடலைச் சேர்ந்தால்தான் அயல்நாடு செல்ல முடியும். ஆகவே துறைமுகத்தின் ஆண்டுக் கணக்கு நமக்குத் தொலைவான செய்தியன்று.

இயற்கை தராத துறைமுகம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. முற்காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். பின்னர்க் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மனிதன் தளரவில்லை, மீண்டும் கட்டினான். 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் காலத்தில், மணல் தூர்ந்துவந்த கிழக்கு வாயிலுக்குப் பதிலாக வடகிழக்கு வாயில் அமைந்தது. 1964இல் ஜவகர் கப்பல்துறையும், 1970களில் எண்ணெய்க்கும் இரும்புத் தாதுவுக்குமான பாரதி கப்பல்துறையும், 1983இல் சரக்குப் பெட்டக முனையமும் ஏற்பட்டன. நம் சாலைகளில் ‘கண்டெய்னர்’ என்று நாம் சொல்லும் அந்த இரும்புப் பெட்டிதான் சரக்குப் பெட்டகம்.

கணக்கைப் படிக்கும் முறை

துறைமுகத்தின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கையாண்ட சரக்கின் எடையே முதல் அளவுகோல். சென்னைத் துறைமுகம் 2010-11இல் சுமார் 6.1 கோடி டன் கையாண்டது. 2012-13இல் அது சுமார் 5.3 கோடியாகக் குறைந்தது. காரணம் என்ன? நகரின் நடுவே நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் குவித்ததால் தூசு பறந்து மக்கள் அல்லற்பட்டனர். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2011இல் அச்சரக்குகள் அங்கிருந்து விலக்கப்பட்டன. எடையில் இழப்பு, இராயபுரத்து மக்களின் மூச்சுக்கோ அது இலாபம்! 2024-25இல் சுமார் 5.5 கோடி டன் எட்டியும் பழைய உச்சத்தை இத்துறைமுகம் தொடவில்லை.

ஆனால் எடை மட்டுமே வளர்ச்சியைக் காட்டிவிடுமா? இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய நிலக்கரிக் கப்பல் 70 ஆயிரம் டன் சுமக்கும். ஒரு பெரிய கார்க் கப்பலோ ஐயாயிரம் கார்களை ஏற்றினாலும் அவற்றின் எடை ஐந்தாறாயிரம் டன்னுக்குள் அடங்கிவிடும். காரின் பெரும்பகுதி வெற்றிடம் அல்லவா? டன் கணக்கில் கார் சிறியது. மதிப்பிலும் வேலைவாய்ப்பிலும் பெரியது. எனவே எத்தனை டன் என்று கேட்பவர், எந்தச் சரக்கு என்றும் கேட்க வேண்டும்.

இரட்டைத் துறைமுகங்கள்

விலக்கப்பட்ட நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவென அமைந்த எண்ணூர்த் துறைமுகம் 2001இல் தொடங்கப்பட்டு, 2014இல் காமராசர் பெயரைப் பெற்றது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டபின் அங்கிருந்து கார்களும் கப்பலேறலாயின. 2020இல் மத்திய அரசின் பங்குகளைச் சென்னைத் துறைமுகம் வாங்கியதால், இரண்டும் ஒரு குடும்பமாயின. 2024-25இல் இரண்டும் சேர்ந்து 10 கோடி டன்னைக் கடந்தன.

இடர்ப்பாடுகள்

முதலாவது, சாலை. சென்னைத் துறைமுகத்தின் மூன்று பக்கமும் நகரம், ஒரு பக்கம் கடல். பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. எண்ணூர்ச் சாலையில் லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலமும் உண்டு. துறைமுகம்-மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012இல் பணி நின்றது. ஈரடுக்குச் சாலையாக மாற்றி 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டினர். அதே நாளில் நம் அருகிலுள்ள மப்பேட்டில் பலவகைப் போக்குவரத்துச் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. எண்ணூரிலிருந்து திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை செல்லும் 133 கிலோமீட்டர் சுற்றுவட்டச் சாலை நிறைவுற்றால், நம் கார்கள் நகருக்குள் நுழையாமலே கடலை அடையும்.

இரண்டாவது, போட்டி. வடக்கே காட்டுப்பள்ளியும் கிருஷ்ணப்பட்டினமும் உள்ளன. தெற்கே கொழும்பு, பெரிய கப்பல்களை ஈர்த்து நம் பெட்டகங்களை மாற்றி ஏற்றுகிறது. தொழிற்சாலை மூடினாலும் துறைமுகம் பாதிக்கப்படும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியதும், அங்கிருந்து கப்பலேறிய கார்களும் நின்றுபோயின. அன்றியும், ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்படும் கைப்பேசி போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த பொருள்கள் விமானத்தில் பறந்துவிடுகின்றன.

மூன்றாவது, கடற்கரை. நம் கரையோரத்தில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. இன்று அங்கே கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காக்கிறார்கள். 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது, வாளிகளால் அதை அள்ளிய காட்சியை நாடே கண்டது. மீனவரின் இழப்பு எந்த டன் கணக்கிலும் ஏறுவதில்லை.

முடிவுரை

இவையெல்லாம் யாருக்கோ என்று நாம் இருந்துவிட முடியாது. உதிரிபாகம் ஏற்றிய பெட்டகம் துறைமுகத்தில் தங்கினால் தொழிற்சாலையில் ஷிப்டு குறையும். ஷிப்டு குறைந்தால் முதலில் கூலி இழப்பவர் ஒப்பந்தத் தொழிலாளரே. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அத்தகைய கூலியால்தான் அடுப்பெரிக்கின்றன. என் போன்று குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களின் படிப்புச் செலவும் அதில் அடங்கும்.

ஆகவே துறைமுகம் வளர வேண்டும். ஆனால் தூசு இராயபுரத்தை விட்டு எண்ணூருக்கு இடம் மாறுவது வளர்ச்சியாகாது. அது அங்கும் அடங்க வேண்டும். சாலை விரைவில் முடிய வேண்டும். கரை காக்கப்பட வேண்டும். மாணவ நண்பர்களே! அடுத்த ஏப்ரலில் ‘சாதனை அளவு சரக்கு’ என்று செய்தி வரும்போது, எத்தனை டன் என்பதோடு நின்றுவிடாமல், எந்தச் சரக்கு, எவ்வழியே, யாருடைய கரையில் என்றும் கேட்போம். கல்வி நமக்குத் தந்த உரிமை அந்தக் கேள்விதான்.