பந்துக் கேக்கைச் சுருக்கமின்றிப் போர்த்தும் வித்தை: தெரியுமா?

சிவப்பு ஐசிங், நடுவில் வெள்ளைத் தையல், எங்கு தடவினாலும் ஒரு சுருக்கம் இல்லை. அசல் கிரிக்கெட் பந்து போலவே ஒரு பிறந்தநாள் கேக்! கண்டிக்கு இதைவிடப் பொருத்தமான கேக் உண்டா? 2007 டிசம்பர் 3ஆம் திகதி, இங்குள்ள அஸ்கிரிய மைதானத்தில்தான் முத்தையா முரளிதரன் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தனது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்றார். ஷேன் வோர்னின் உலக சாதனை முறிந்தது. அந்த முரளியின் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? பிஸ்கட்! மாவும் சீனியும் புழங்கிய குடும்பத்திலிருந்துதான் உலகையே சுழற்றிய அந்தப் பந்து வந்தது.

சரி, அந்தப் பந்துக் கேக்குக்கு ஒரே தாளாக ஐசிங் போர்த்துவது கணிதமே மறுக்கும் காரியம் என்பது தெரியுமா? ஜெர்மன் கணித மேதை காவுஸ் 1827இல் முன்வைத்த தேற்றம் ஒன்றின்படி, தட்டையான எந்தத் தாளையும் இழுக்காமல், மடிக்காமல், வெட்டாமல் கோளத்தின் மேல் படிய வைக்க முடியாது. ஒரு தோடம்பழத்தைக் கடதாசியால் சுற்றிப் பாருங்கள், காவுஸ் சொன்னது கையிலேயே விளங்கும்.

இப்போது கணக்கைக் கேளுங்கள், தலை சுற்றும். 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பந்துக் கேக்கின் மேற்பரப்பு சுமார் 804 சதுர சென்ரிமீற்றர்தான். உச்சியில் போட்டு அடிவரை இறக்கத் தேவையான வட்டத் தாளோ 50 சென்ரிமீற்றர் விட்டம், சுமார் 1,984 சதுர சென்ரிமீற்றர்! ஏறக்குறைய இரண்டரை மடங்கு! அந்த மிச்சமெல்லாம் எங்கே போகும்? மடிப்பாகத்தான் நிற்கும்.

கை தேர்ந்தவர்கள் அதனால்தான் பந்தை இரு பாதியாகப் போர்த்துகிறார்கள். பாதிப் பந்துக்கு 25 சென்ரிமீற்றர் வட்டம் போதும். மிச்சம் வெறும் 23 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அப்போதும் வட்டத்தின் விளிம்பு 79 சென்ரிமீற்றர், பந்தின் இடுப்போ 50. இந்த 29 சென்ரிமீற்றரைக் கரைக்கும் இடத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஃபொண்டன்ட் ஐசிங்கை அரை சென்ரிமீற்றர் தடிப்பில் தேய்த்து உச்சியில் போடுவார்கள். பிறகு உள்ளங்கை மேலிருந்து கீழே சுற்றிச் சுற்றி இறங்கும். மடிப்பு தலைகாட்டினால் அதை அமுக்கிவிடக் கூடாது! விளிம்பை மெல்லத் தூக்கி, மடிப்பை வெளிப்பக்கமாக விரித்து, பிறகுதான் கேக்கோடு ஒட்ட வேண்டும். கடதாசியால் முடியாததைச் சீனிப் பசை செய்துகாட்டுகிறது, ஏனென்றால் அது இழுபடும், சுருங்கும். அந்த இழுவையைத் தருபவை அதிலுள்ள குளுக்கோஸ் பாகும், கிளிசரினும், ஜெலட்டினும்.

இரண்டு பாதியும் சந்திக்கும் கோடு? அதை ஒளிக்கவே தேவையில்லை, தையல் அங்கேதான் வரப்போகிறது! அசல் கிரிக்கெட் பந்தும் இதே கணக்குக்குப் பணிந்ததுதான். நல்ல தரப் பந்தின் தோல் நான்கு துண்டுகள். இரண்டிரண்டாக இணைத்து இரு கிண்ணங்களாக்கி, இடுப்பில் ஆறு வரிசை தைக்கிறார்கள். கண்டி உயிரையே விடும் றக்பிப் பந்துக்கும் நான்கு துண்டுகள்தான். 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் ஊரில் நீள்வட்டக் கேக் கேட்பவர்களும் இதே வழியில் போகலாம்.

ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் போல் ஃபியூர்ஸ்ட் 1890இல் உருவாக்கிய மொசார்ட் உருண்டைக்கு இன்னொரு தந்திரம்: குச்சியில் குத்திச் சொக்லேட்டில் முக்கி எடுத்து, காய்ந்ததும் குச்சியை உருவி, துளையை அடைத்துவிடுவார்கள். மடிப்புக்கு வேலையே இல்லை!

போர்வைக்கு அடியில் இருப்பதும் முக்கியம். ஃபொண்டன்ட் ஒரு மேட்டையும் மறைக்காது, பள்ளத்தையும் நிரப்பாது. கீழே உள்ளதை அப்படியே காட்டிக்கொடுக்கும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் பட்டர் ஐசிங்கை வழித்து வழித்து உருண்டையாக்கிக் குளிரில் இறுக விட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில், கொழும்பின் வெக்கையைவிடப் பட்டர் சற்று நேரம் கூடுதலாகத் தாங்கும். இது மலைநாட்டுக்காரரின் அதிர்ஷ்டம்.

ஆனால் ஈரம்! சீனி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின் மேல் மழைக்காலக் காற்று பட்டதும் நீர் முத்து முத்தாய்த் துளிர்க்கும், சிவப்புச் சாயம் வழியத் தொடங்கும். ஆகவே வீட்டில் செய்பவர்களே, போர்த்தி முடித்த பந்தை மூடிய அட்டைப்பெட்டியில், மின்விசிறிக்குக் கீழே குளிர்ந்த அறையில் வையுங்கள். சிவப்பு ஐசிங்கை முதல் நாளே பிசைந்து காற்றுப் புகாமல் கட்டிவையுங்கள். ஓரிரவு இருந்தால் நிறம் தானாகவே ஆழமாகும், கசக்கும் அளவுக்குச் சாயம் கொட்ட வேண்டியதில்லை.