பௌதிகம் படிக்க விரும்பும் பையன்

சுந்தரபாண்டியத்திலிருந்து நெசவாளர் ஒருவர் சென்ற மாதம் நம் காரியாலயத்துக்கு வந்திருந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்குகளுடன் தேறியிருக்கிறான். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தான் படிப்பேன் என்று பிடிவாதம் செய்கிறானாம். உறவினர்களோ, "இஞ்சினீயரிங்கில் இடம் கிடைக்காதவனல்லவா அதைப் படிப்பான்?" என்று நகைக்கிறார்கள். "ஐயா நாலும் தெரிந்தவர்கள். பயலுக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும்" என்றார். புத்தி சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அவ்வூருக்குச் சில மைல் தூரத்திலுள்ள வத்திராயிருப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஸர் கே. எஸ். கிருஷ்ணன் 1898ம் வருஷம் வத்திராயிருப்பில் பிறந்தவர். அங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். பின்னர் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனப் பரிசோதனைகளைக் காட்டும் சிறிய உத்தியோகத்தில் அமர்ந்தார். அவர் பகலுணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பௌதிகம், கணிதம், ரசாயனம் எதைப் பற்றியும் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று இடம் கொடுத்தார். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பரீக்ஷைக்கு வராத கேள்வியைக் கேட்பதற்காக ஊர் தாண்டி நடந்த மாணவர்களும் இந்நாட்டில் இருந்திருக்கிறார்கள்!

1920ல் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே ராமனுடன் சேர்ந்து அவர் செய்த வேலை உலகம் அறிந்தது. ஆயினும் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா என்பது சந்தேகமே. சூரிய ஒளியை லென்ஸினால் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடி வழியாகச் செலுத்தி, தூசு நீக்கிய திரவத்தில் பாய்ச்சினார்கள். பக்கவாட்டில் சிதறிய ஒளியை, மஞ்சளையும் பச்சையையும் மட்டும் விடும் மற்றொரு கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஊதா ஒளி நிறம் மாறாமல் சிதறியிருந்தால் அங்கே இருள்தான் தெரிய வேண்டும். மங்கிய வெளிச்சம் தெரிந்தது. திரவத்திலுள்ள அழுக்கின் வேலையாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தபோது, திரும்பத் திரும்பச் சுத்தி செய்து பார்த்தார்கள். சுமார் 60 திரவங்கள். அத்தனையிலும் அதே வெளிச்சம். 1928 மார்ச்சு 31ந் தேதி 'நேச்சர்' பத்திரிகையில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் செய்தி வெளிவந்தது. 1930ம் வருஷத்து நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. அந்த வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை.

இனி நம் யோக்கியதை. நாமும் சட்டம் படிக்கும் முன் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர்தாம். ஊசல் பரிசோதனையை நாம் செய்த விதம் இது: மூத்த மாணவர் ஒருவரின் ரிக்கார்டு நோட்டை வாங்கி, அதிலிருந்த எண்களைக் கடைசி ஸ்தானத்தில் மட்டும் சிறிது மாற்றி எழுதினோம். விடை புத்தகத்தில் உள்ளபடியே வந்தது. உபாத்தியாயர் சிவப்பு மையில் கையெழுத்திட்டார். கோர்ட்டில் இப்படிச் செய்பவனைப் பொய்ச் சாக்ஷிக்காரன் என்போம். கல்லூரியில் இதற்கு முதல் வகுப்புக் கொடுத்தார்கள். கருவி கோணலாக இருந்தால் கோணலான எண்ணையே எழுதி, ஏன் கோணிற்று என்று தேடுவதுதான் பௌதிகம் என்பது நமக்குப் பட்டம் வாங்கிய பின்னரே விளங்கிற்று. இப்படிப் படிப்பதானால் உறவினர்களின் நகைப்பில் நியாயம் உண்டு.

இதைக் கேட்டு அந்த நெசவாளர் சோர்ந்துபோனார். எனவே கிருஷ்ணன் பின்பு டாக்கா சர்வகலாசாலையில் செய்த வேலையைச் சொன்னோம். ஒரு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையின் நுனியில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போனார்கள். ஓர் அளவுக்குமேல் முறுக்கேறியதும் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அதுவரை முறுக்கிய கோணத்தைக் கொண்டு, அப்படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறதென்று கணக்கிட்டார்கள். "முறுக்கு மிஞ்சினால் நூல் சும்மா இருக்குமா?" என்றார் அவர். பாஷை தமிழாயிருந்ததால் அவருக்கு இது தடையின்றி விளங்கிற்று. கிருஷ்ணனே தமிழில் விஞ்ஞானம் பேசுவதை விரும்பியவர். நம்மைப் போன்ற வக்கீலான பெ. நா. அப்புஸ்வாமி அதையே பல பத்து வருஷங்கள் எழுதிக் காட்டினார். ஆனால் கிராமத்துப் பையன் கல்லூரியில் முதல் ஆறு மாதத்தையும் இங்கிலீஷோடு மல்லுக்கு நிற்பதிலேயே கழிக்கிறான். பௌதிகத்தோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு மூச்சு எங்கே மிஞ்சும்?

பிழைப்பைப் பற்றியும் மறைக்கவில்லை. வெறும் பி.எஸ்ஸி. பட்டம் சோறு போடாது. மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்களில் அதற்கு இடம் பெற 'ஜாம்' என்ற அகில இந்தியப் பரீக்ஷை இருக்கிறது. பிறகு ஆராய்ச்சிக்கும் சில வருஷங்கள் ஆகும். அத்தனை காலம் குடும்பம் தாங்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தறியில் இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் போகிறது என்றார்.

எந்தக் கல்லூரி நல்லதென்று எப்படி அறிவது என்று கேட்டார். பையனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைச் சாலையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகளின்மேல் விரலை வைத்துத் தடவி, தூசு ஒட்டுகிறதா என்று பாருங்கள் என்றோம். திங்கட்கிழமை போகிறார்கள்.