பழைய பேஸ்பால் அட்டைக்கு மார்க் போடுவது எப்படி?



நமக்குப் பரீட்சையில் மார்க் போடுகிறார்கள். ஒரு சின்ன அட்டைக்கும் மார்க் போடுவார்கள், அந்த மார்க்கை வைத்து லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள் என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. என் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் தெரிந்துகொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமா அமெரிக்காவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது எனக்கு ஒரு பேஸ்பால் அட்டை கொடுத்தார். 1959-ஆம் வருடம் டாப்ஸ் கம்பெனி போட்டது. அவர் பக்கத்து வீட்டுத் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது வாங்கி, செருப்பு டப்பாவில் போட்டு அறுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்ததாம். "உன் அக்கா பையனிடம் கொடு, நல்லா வச்சுக்கச் சொல்லு" என்று கொடுத்தாராம்.

பேஸ்பால் அட்டை என்றால் என்ன?

நம்மிடம் இருக்கும் டிரம்ப் கார்டு மாதிரிதான். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. 1880-களில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் இந்த அட்டைகளை வைத்து விற்றார்கள். பெட்டி நசுங்காமல் இருக்கவும் ஆச்சு, விளம்பரத்துக்கும் ஆச்சு. பிறகு பபிள்கம் பாக்கெட்டோடு வர ஆரம்பித்தது. பையன்கள் அதைச் சுவரில் வீசி விளையாடினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் சொருகி 'படபட' என்று சத்தம் வரவைத்தார்கள். அதனால்தான் பழைய அட்டை நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம்.

மார்க் போடுவது யார்?

முன்பெல்லாம் விற்பவர் "புதுசு மாதிரி இருக்கு" என்பார். வாங்குபவர் "இல்லை, மூலை மழுங்கியிருக்கு" என்பார். சண்டைதான். விற்பவரும் இல்லாமல் வாங்குபவரும் இல்லாமல் மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது அல்லவா? அதற்காக 1991-ல் பி.எஸ்.ஏ. என்ற கம்பெனி வந்தது. பிறகு எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்றவை வந்தன. அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை மார்க் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மேலே சீட்டு ஒட்டித் தருவார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 10-க்குப் பெயர் 'ஜெம் மின்ட்'. 1-க்குப் பெயர் 'புவர்'. ஆனால் 2 மார்க்குக்கே 'குட்' என்று பெயர்! நாம் பத்துக்கு இரண்டு வாங்கினால் வீட்டில் யாராவது 'குட்' சொல்வார்களா?

எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

முக்கியமாக நான்கு விஷயம்.

1. நடுவம்: படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. கணக்கு சுலபம். இடது ஓரம் 3 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ. என்றால் மொத்தம் 5. அதில் 3 என்பது 60 சதவீதம். ஆகவே 60-க்கு 40. பி.எஸ்.ஏ.-யில் 10 மார்க் வாங்க ஏறக்குறைய சரிபாதியாக இருக்க வேண்டும். 7 மார்க்குக்கு 70-க்கு 30 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். இது அச்சகத்தில் வெட்டும்போது வந்த குறை. வைத்திருந்தவர் மேல் தப்பில்லை.

2. மூலை: நான்கு மூலையும் ஊசி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். சும்மா பார்த்தால் தெரியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அட்டை நார் நாராகப் பிரிந்திருப்பது தெரியும். அதிகம் அடிபடுவது மூலைதான்.

3. ஓரம்: பக்கவாட்டில் சிராய்ப்பு, பள்ளம், வண்ணம் உரிந்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

4. மேற்பரப்பு: அட்டையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாத கீறலும் மடிப்பும் அப்போது தெரியும். பபிள்கம் கறை, பேனா எழுத்து எல்லாம் இதில் சேரும். ஒரு மடிப்பு விழுந்துவிட்டால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் பாதி மார்க்கைத் தாண்டாது.

உங்கள் பையில் டிரம்ப் கார்டு இருந்தால் இன்றைக்கே ஸ்கேலும் லென்ஸும் வைத்துப் பாருங்கள். புதுசு என்று நினைத்த கார்டு எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று தெரியும்.

மார்க் கூடினால் விலை கூடுமா?

கூடும். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952 டாப்ஸ் அட்டையைப் பாருங்கள். அந்த வரிசையில் அதன் எண் 311. விற்காமல் தேங்கிய 1952 அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார்! 2021-ல் 9 மார்க் வாங்கிய மேன்டில் அட்டை ஒன்று 52 லட்சம் டாலருக்குப் போனது. 2022 ஆகஸ்டில் 9.5 மார்க் வாங்கிய இன்னொன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே அட்டை 1991-ல் 50,000 டாலருக்கு விற்கப்பட்டது. மார்க் போட்ட கம்பெனி வேறு, வருடம் வேறு என்றாலும் அரை மார்க்குக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

ஆனால் மார்க் மட்டும் போதாது. அட்டை அரிதாகவும் இருக்க வேண்டும், ஆட்டக்காரர் பெயரும் பெரிதாக இருக்க வேண்டும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த 'டி206' வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் சில டஜன்தான் மிச்சம். வெறும் 2 மார்க் வாங்கிய வாக்னர் அட்டை 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. மாறாக, 1980-களின் கடைசியில் அட்டைகளை அளவுக்கு மீறி அச்சடித்தார்கள். அவை பளபளவென்று இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு இன்று பெரிய விலை இல்லை.

வெட்டினால் என்ன ஆகும்?

பி.எஸ்.ஏ. முதன்முதலில் மார்க் போட்ட அட்டையே ஒரு வாக்னர் அட்டைதான். 8 மார்க். பார்த்தவர்கள் எல்லாம் அதன் கூர்மையான ஓரத்தை வியந்தார்கள். 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் அதை ஒரு காலத்தில் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், மோசடி வழக்கில் 2013-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த அட்டையின் ஓரத்தை வெட்டியது தான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

இதை மாமா சொன்னபோது எனக்கு 'பக்' என்று ஆகிவிட்டது. ஏனென்றால் நானும் அதையேதான் செய்திருந்தேன்.

என் அட்டையில் இடது ஓரம் 4 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ. பார்க்க அசிங்கமாக இருந்தது. போன வருடம் ஒருநாள் ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் வைத்து இடது பக்கம் 2 மி.மீ. வெட்டி எடுத்தேன். ரொம்ப அழகாக வந்தது. பெருமையாக இருந்தது.

இந்த லீவில் மாமா வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்கேலை எடுத்து அளந்தார். அந்த அட்டையின் அகலம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. இருக்க வேண்டும். 61.5 தான் இருந்தது. லென்ஸைக் கொடுத்து, "நீயே பாரு மாப்ளே" என்றார். மூன்று ஓரம் பழுப்பாக இருந்தது. நான் வெட்டிய ஓரம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"அப்படியே விட்டிருந்தா இது 67-க்கு 33. நடுவத்தைப் பொறுத்தவரைக்கும் 7 மார்க்குக்கு இடம் இருந்துச்சு. இப்ப நம்பரே கிடையாது. 'அசல்தான், ஆனா மாத்தியிருக்கு'ன்னு மட்டும்தான் எழுதுவாங்க" என்றார்.

"விலை ரொம்பப் போயிடுச்சா மாமா?" என்று கேட்டேன்.

"இவரு பெரிய ஸ்டார் இல்லடா. அதனால விலையில பெருசா ஒண்ணும் போகல. அந்தத் தாத்தா அறுபது வருஷம் அப்படியே வச்சிருந்தாரு. நீ ஒரு நிமிஷத்துல வெட்டிட்ட. அவரு கேட்டா நான் என்ன சொல்றது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்று ராத்திரி நடந்ததை எல்லாம் எழுதி, மன்னிப்புக் கேட்டு, தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாமா அதை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப் போயிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'இடது ஓரம் 2 மி.மீ. வெட்டப்பட்டது' என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நாளைக்கு இதை யாரிடமாவது கொடுத்தாலும் அந்தச் சீட்டோடுதான் கொடுப்பேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி வைத்திருந்த பழைய காசு, தபால்தலை, போட்டோ ஏதாவது இருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். அதில் இருக்கும் குறையும் அதன் வயதுதான். அழகாக்குகிறேன் என்று நாம் கை வைத்தால், அதற்குப் பிறகு திரும்ப வராது.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்