பழைய வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசலாமா? கடலூர், சிதம்பரத்தில் பூர்வீக வீடு இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. ஊரில், சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் அல்லது திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில், தாத்தா காலத்துத் திண்ணை வீடு ஒன்று பாதி பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து போன் வரும். “தம்பி, உங்க வீட்டுப் பின்கட்டுச் சுவர் ரொம்ப ஊறிப் போயிருக்கு. எப்ப விழுமோ தெரியல. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க.”

அதற்குப் பிறகு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டே யோசனைதான் வரும். ஒன்று, இடித்துவிட்டு புதுசா கட்டலாம். இன்னொன்று, இருக்கிற சுவருக்கு நல்லா சிமென்ட் பூசி, பெயின்ட் அடிச்சு விட்டுடலாம்.

இரண்டாவது யோசனை செலவு குறைவாகத் தெரியும். ஆனால் பல பழைய வீடுகளைச் சீக்கிரம் விழவைப்பது அதுதான். ஏன்? அப்போ என்னதான் செய்வது?

சிமென்ட் பூசினால் சுவர் ஏன் கெடுகிறது?

போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824-ல். இந்தியாவில் வணிக ரீதியிலான உற்பத்தி குஜராத்தின் போர்பந்தரில் 1914-ல்தான் தொடங்கியது. நூறு வருடத்தைத் தாண்டிய வீடு என்றால், அது பெரும்பாலும் செங்கலும் சுண்ணாம்பும் (சில வீடுகளில் மண்ணும்) சேர்த்துக் கட்டியதாகவே இருக்கும்.

இப்போதைய வீடுகளில் இருப்பதுபோல ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இந்த வீடுகளின் அஸ்திவாரத்தில் இருக்காது. தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் அதிகம். ஏறிய ஈரம் அந்தத் துளைகள் வழியாகவே காய்ந்து வெளியேறிவிடும். ‘சுவர் மூச்சு விடுது’ என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

அதே சுவரின் மேல் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேறும் வழி அடைபடும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் இன்னும் மேலே ஏறும். கடற்கரை மண்ணில் இருக்கும் உப்பும் கூடவே ஏறும். பூச்சுக்குப் பின்னால் அந்த உப்பு படிகமாக மாறும்போது, செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கிவிடும். வெளியே சிமென்ட் கெட்டியாக, பார்க்க அழகாக இருக்கும். பின்னால் செங்கல் கையால் சுரண்டினாலே உதிரும் நிலைக்கு வந்திருக்கும். ஒரு கனமழையில் பூச்சு பாளம் பாளமாக விழும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. பிரான்ஸில் பழைய கல் வீடு வாங்குபவர்கள் கேட்கும் முதல் அறிவுரைகளில் ஒன்று, இடையில் யாரோ பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசுங்கள் என்பதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி, கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே கடற்கரைச் சாலையில் 1870-களில் கட்டப்பட்ட மேரி கட்டிடம், 2014 நவம்பர் 29-ம் தேதி கனமழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் சுமார் ரூ.15 கோடி செலவில் திரும்பக் கட்டப்பட்டு, 2021-ல் திறக்கப்பட்டது. அரசால் திரும்பக் கட்ட முடிந்தது. ஒரு குடும்பத்தின் வீடு விழுந்தால் அவ்வளவுதான். அதனால் விழுவதற்கு முன்பே கவனிப்பதுதான் ஒரே வழி.

உங்கள் வீடு சுண்ணாம்பு வீடா? நீங்களே பார்க்கலாம்

* பூச்சு உதிர்ந்த இடத்தில், இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்தை ஆணியால் கீறுங்கள். வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணி இறங்காமல் இருந்தால் சிமென்ட்.
* சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றிடம் போலக் கேட்டால், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது.
* தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை மட்டும் ஒரு பட்டையாக ஈரமும் வெள்ளை உப்பும் தெரிந்தால், அது கீழிருந்து ஏறும் ஈரம். மேலிருந்து கீழே வழிந்த கறை என்றால், கூரை ஒழுகுகிறது.
* விரிசல் இருந்தால் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

வேலையை எங்கே தொடங்குவது?

பலரும் தரையில் டைல்ஸ் போடுவதில் தொடங்குவார்கள். ஆனால் முதலில் கூரை, அடுத்து தண்ணீர் வெளியேறும் வழி, பிறகு சுவர், கடைசியில்தான் தரையும் பெயின்ட்டும். மேலே ஒழுகும்போது கீழே செய்த வேலை தங்காது.

ஓட்டு வீடு: உடைந்த, நகர்ந்த ஓடுகளை மாற்றுவதோடு நிறுத்தாமல், அடியில் இருக்கும் ரீப்பரையும் சட்டத்தையும் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இந்த மாவட்டத்தில் ஓட்டுக் கூரை போட்டால், சட்டத்தைச் சுவருடன் இரும்புப் பட்டையால் இணைப்பதும், ஓர வரிசை ஓடுகளைக் கட்டி வைப்பதும் அவசியம். காற்று முதலில் தூக்குவது ஓரத்து ஓடுகளைத்தான்.

மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்த தளம் இது. ஒழுகுகிறது என்றதும் “மேல ரெண்டு இன்ச் கான்கிரீட் போட்டுடலாம் சார்” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடியில் 2 இன்ச் கான்கிரீட் என்றால், எடை ஒரு டன்னுக்கும் மேல். நூறு வருடத்து மரத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது. பெயர்ந்த தட்டோடுகளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கலவையில் மறுபடி பதித்து, இடுக்குகளை நிரப்புவதே சரியான வழி.

உத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அது சுவருக்குள் நுழையும் முனை. ஈரம் அங்கேதான் தேங்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் மரம் பஞ்சு மாதிரி இறங்குதா? அப்படியென்றால் உடனே கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் கூப்பிடுங்கள்.

முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

1,000 சதுர அடி கூரையில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால், சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் இறங்கும். முற்றம் வைத்த வீட்டில் அதில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் விழும். முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகும் தூம்பு அடைத்திருந்தாலோ, தெரு உயர்ந்திருந்தாலோ, அவ்வளவும் அஸ்திவாரத்தில்தான் இறங்கும்.

தெரு உயர்வது பல ஊர்களில் உண்மையான தலைவலி. தார் மேலே தார் போட்டே, மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று ரோட்டு மட்டத்துக்கு வந்திருக்கும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது, இதைச் சொல்லி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்துபூர்வமாக மனு கொடுக்கலாம். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருவென்றால், முற்றத்துத் தண்ணீரைப் பின்பக்கம் கிணற்றுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்பிவிடலாம். தொட்டி, சுவரிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

சுண்ணாம்புப் பூச்சு: எப்படிச் செய்வது?

ஏற்கெனவே சிமென்ட் பூசிய இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரமாவது காயவிட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேயே போகும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, வெண்ணெய் மாதிரி ஆகும்வரை ஊறவைக்க வேண்டும். நாள் கூடக் கூடப் பக்குவம் கூடும். வழக்கமாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சலித்த மணல். கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நம்ம பக்கத்துப் பழைய முறை.

ஒரு எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு இறுகும். அதனால் அவசரம் ஆகாது. மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் பல நாள் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். ஐப்பசி மழையும் அக்னி வெயிலும் இதற்குத் தோதான காலமில்லை. பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் உள்ள நாட்களே வசதி.

பூச்சு சுண்ணாம்பு, மேலே அடிப்பது பிளாஸ்டிக் எமல்ஷன் என்றால் செய்ததெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். தரைக்கும் இதே கதைதான். பழைய தரையின் மேல் வழவழ டைல்ஸ் பதித்தால், கீழிருக்கும் ஈரம் சுவர் வழியாகத்தான் ஏறும்.

கரையான், செடி, கரன்ட்

* சுவரில் மண் கோடு தெரிந்தால் கரையான். கோட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். ஈரம் இருக்கும்வரை அது திரும்ப வரும்.
* சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். வெட்டிவிட்டு, வேரை அழித்த பிறகு இடுக்கை அடையுங்கள்.
* மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங்கை முழுசா மாற்றுங்கள். ஈரச் சுவரில் மின்கசிவு உயிரைப் பறிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும்?

சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளினால், மூலையில் இரண்டு சுவர்கள் பிரிந்தால், உத்திரம் தொய்ந்தால், அந்தப் பகுதியில் யாரும் படுக்கக் கூடாது. மழைக்காலத்தில் பழைய சுவர் இடிந்து, தூக்கத்திலேயே உயிர் போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. இந்த நிலையில் ‘பாரம்பரியம்’ பேசிக்கொண்டு இருக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, எது தாங்கும், எதை இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். பல நேரம் பின்கட்டை மட்டும் இறக்கிவிட்டு முன்கட்டைக் காப்பாற்றலாம்.

பங்காளிகளிடம் பேசியாச்சா?

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் சம்பளத்தைப் போட்டுச் சரிசெய்த பிறகு, “யாரைக் கேட்டு செஞ்சே?” என்று கேள்வி வந்தால் வீடும் உறவும் சேர்ந்தே உடையும். வேலைக்கு முன்பே வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று எடுத்து, யார் எவ்வளவு போடுகிறார்கள், பாகம் பிரிக்கும்போது அது எப்படிக் கணக்கில் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சுவரை இடிப்பது, மாடி ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்கலாம்?

பாரம்பரியக் கட்டிடங்களைச் சீரமைப்பதில் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளைக்கு நீண்ட அனுபவம் உண்டு. அங்குள்ள வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்புகள் மீட்கப்பட்டு, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில், அக்ரகார வீடு உட்படப் பழைய வீடுகளை முழுதாக உள்ளே போய்ப் பார்க்கலாம். கொத்தனாரிடம் பேசும்போது, “சுண்ணாம்பு வேலை எங்கே செஞ்சீங்க?” என்று கேட்டு, அந்தச் சுவரை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மழைக்காலம் தாண்டிய சுவராக இருந்தால் நல்லது.

வருடத்துக்கு இரண்டு நாள் போதும்

ஆவணியில் ஒரு நாள்: கூரை ஏறிப் பாருங்கள். ஓடு, தட்டோடு, தூம்பு, சருகு, செடி எல்லாவற்றையும் சரிபார்த்து, ஐப்பசிக்குள் ஒழுகலை அடைத்துவிட வேண்டும்.

போகிக்கு முன் ஒரு நாள்: மழை எங்கெல்லாம் இறங்கியது என்று குறித்துக்கொண்டு, வெள்ளையடியுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை நாம் சடங்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, ஊறிய சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு கொடுத்து, பூஞ்சையைக் கொன்று, சின்ன விரிசலை அடைக்கும் வருடாந்தர சர்வீஸ் அது. எமல்ஷன் பெயின்ட் வந்தபிறகு அதை விட்டோம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டமும் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த மழை எப்படியும் வரும். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு ஆணியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பின்கட்டுச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.