வயது வேறு, நோய் வேறு

‘வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும்’ என்ற சொல்லை எங்கள் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கிறோம். அறுபதைக் கடந்தவர்கள் மட்டுமல்லர், நாற்பத்தைந்து வயதினரும் இதையே சொல்கின்றனர். முதுமையை முகம் சுளிக்காமல் ஏற்பது நல்ல பண்புதான். ஆயினும் உடலில் இயல்பாக நேரும் மாற்றத்துக்கும், மருத்துவம் தேட வேண்டிய நோய்க்கும் மக்கள் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கம் நடுவயதிலேயே வந்துவிட்டால், பின்னர் வரும் ஆண்டுகள் பெரிதும் எளிதாகும்.

முதலில் இயல்பான மாற்றத்தைப் பார்ப்போம். நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து அனைவருக்கும் பொது. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை, வயது ஏற ஏற நெகிழ்வை இழக்கிறது. அதனால் அருகில் உள்ள எழுத்து மங்குகிறது. செய்தித்தாளை எட்டப் பிடிக்கத் தோன்றுகிறது. இதற்கு வேண்டியது ஒரு கண்ணாடி. அதை அணிந்தால் கிழவராகத் தெரிவோம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது படிப்பை மட்டுமன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிட்டப்பார்வைக்கான கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வெள்ளெழுத்தை ஏற்றுக்கொள்வது என்றால் கண்ணாடியையும் ஏற்றுக்கொள்வதுதான்.

தசையும் அப்படியே. முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அது சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அந்தக் குறைவை முற்றிலும் நிறுத்த இயலாது; வேகத்தைக் குறைக்க இயலும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உறுதியான நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். தள்ளாட்டம் உள்ளவர்கள் அருகில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறைக்கும் சேர்த்து 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தசை வலுவிழந்திருக்கக்கூடும். நடைப்பயிற்சி நல்லதே, எனினும் தசைக்கு அது மட்டும் போதாது. எழுந்து உட்காரும் இதே பயிற்சியும், அன்றாட உணவில் கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, முட்டை போன்ற புரதமும் வேண்டும். மரவள்ளி விளையும் ஊர் நம்முடையது. ஜவ்வரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே என்பதையும் நினைவில் கொள்க.

இனி, வயதின் பெயரால் மறைந்து நிற்கும் நோய்க்கு வருவோம். எங்களை மிகவும் கவலையுறச் செய்வது கால் மரத்துப்போதல். ‘வயதானால் கால் மரக்கத்தானே செய்யும்’ என்பார்கள். பல ஆண்டுகள் கட்டுக்கு மீறி இருந்த சர்க்கரை நரம்புகளைச் சிதைத்ததன் அடையாளமாக அது இருக்கலாம். ஆத்தூர்ப் பகுதியின் ஜவ்வரிசி ஆலைக் களங்களிலும் வயல் வரப்புகளிலும் வெறுங்காலோடு நடப்போர் பலர். உணர்வு குன்றிய பாதத்துக்கு வெயிலில் காய்ந்த களத்தின் சூடு தெரியாது. கொப்புளம் உடைந்து நீர் கசியும்போதுதான் தெரியும். வலி இல்லாததால் அப்புண்ணை நாள்கணக்கில் பொருட்படுத்தாமல் விடுகின்றனர். விரலையோ பாதத்தையோ எடுக்க நேரும் நிலைமைகளில் பல இவ்வாறுதான் தொடங்குகின்றன. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுமுறை சோதித்து உறுதி செய்து சிகிச்சை தொடங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரவு படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டார் பார்க்கட்டும்.

இரத்த அழுத்தம் குறித்தும் பழைய கணக்கு ஒன்று புழக்கத்தில் உள்ளது: வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான அளவு என்பது. அக்கணக்குப்படி எழுபது வயதினருக்கு 170 இயல்பாகிவிடும். அது தவறு. எந்த வயதிலும் மருத்துவமனையில் திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது உயர் அழுத்தமே. தலைவலியோ மயக்கமோ இல்லாமலே அது இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது இயற்கை. நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் நாள் தப்புவதும், திடீரென உடல் கொதிப்பதும், உறக்கம் கலைவதும் பலருக்கும் உண்டு. தாங்க முடியாத அளவுக்குப் போனால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் முழுமையாக நின்ற பின்னர் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதனை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. அது சிறு காரணத்தாலும் வரலாம், கருப்பைப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கூச்சத்தால் மருமகளிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைப்பவர்கள் உள்ளனர். அந்த மாதங்கள் மிகவும் விலை உயர்ந்தவை.

மறதியில் ஒரு வேறுபாடு உண்டு. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்றுப் பொறுத்து வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தப்புவதும், சமைத்துப் பழகிய குழம்பைச் செய்யும் முறை குழம்புவதும் சோதிக்க வேண்டியவை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவை சிகிச்சையால் சீராகக்கூடியவை. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் சென்ற பின்னர் வரும் ஆழ்ந்த சோர்வையும் ‘வயதான அலுப்பு’ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முதுமையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோருக்கென மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. ஆத்தூரிலிருந்து அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லாத வழியும் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளையும் தருகின்றனர். கதவைத் தட்டும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

இறுதியாக, உடனிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். தந்தையையோ மாமியாரையோ அழைத்து வந்து எங்கள் வாசல் பெஞ்சில் காத்திருக்கும் உங்களில் பலர் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். பெரியவரின் மாத்திரைக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் விடை வருவதில்லை. அடுத்த முறை வரும்போது உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் உண்ணாமல் வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்துவிடலாம்.