ஜெயிச்சா பரிசுத் தொகை ஜீரோ! அமெரிக்க காலேஜ் கோல்ஃப்ல பணம் எங்கே இருக்கு?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேர்ம் இன்சூரன்ஸும் இல்லை. கோல்ஃப்! "எனக்கும் கோல்ஃபுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு உடனே மூடிட்டுப் போயிடாதீங்க. ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்னு வீடியோக்கள்ல அடிக்கடி சொல்றேன் இல்லையா, அதைப் புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

முதல்ல போட்டி என்னன்னு பார்த்துடலாம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் டிவிஷன் ஆண்கள் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பின் வரலாறு 1897-ல் தொடங்குது. 2024 முதல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில், லா கோஸ்டா மைதானத்தில் நடக்குது. இறுதிக் கட்டத்தில் 30 அணிகள். அணிக்கு ஐந்து பேர் ஆடுவாங்க, ஒவ்வொரு சுற்றிலும் நல்ல ஸ்கோர் நாலுதான் கணக்கு. 72 குழிகள் முடிஞ்சதும் தனிநபர் சாம்பியன் யாருன்னு தெரிஞ்சிடும். முதல் எட்டு அணிகள் மட்டும் அதுக்கப்புறம் நேருக்கு நேர் மோதும். 1961-ல் ஜாக் நிக்லாஸ், 1996-ல் டைகர் உட்ஸ் தனிநபர் பட்டம் வாங்கியது இங்கேதான். ஃபில் மிக்கல்சன் மூணு தடவை!

பரிசுத் தொகை? ஒரு டாலர்கூட கிடையாது. ஆனா அந்தக் கோப்பையோட ஒரு கடிதம் வருது. தனிநபர் சாம்பியனுக்கு அடுத்த வருட மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட அழைப்பு. இந்த ஏற்பாடு 2023-ல் ஜெயிச்சவரிலிருந்து ஆரம்பம். நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: மாஸ்டர்ஸ் நடக்கும் ஏப்ரல் வரைக்கும் அமெச்சூராவே இருக்கணும். மே மாசக் கடைசியில் ஜெயிச்சவர் கிட்டத்தட்ட பத்து மாசம் ப்ரொஃபஷனலா ஒரு போட்டியிலும் சம்பாதிக்கக் கூடாது.

2023-ல் ஜெயிச்ச ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் பியோண்டி கடைசி வருட மாணவர். அவர் ப்ரொஃபஷனலா மாறினார், மாஸ்டர்ஸ் வாய்ப்பு போச்சு. 2024-ல் ஜெயிச்ச ஜார்ஜியா டெக்கின் ஹிரோஷி டாய், சிங்கப்பூர்காரர், அமெச்சூராவே இருந்து 2025 மாஸ்டர்ஸில் ஆடினார். யார் புத்திசாலின்னு கேட்காதீங்க. ரெண்டு பேரோட கணக்கும் வேற. டாய்க்குப் படிப்பு பாக்கி இருந்தது, காத்திருக்கச் செலவு ரொம்பக் குறைவு. படிப்பு முடிச்சவருக்கு அதே பத்து மாசம் சம்பளமே இல்லாத பத்து மாசம். கடிதம் ஒண்ணுதான், விலை ஆளுக்கு ஆள் மாறுது.

இந்த அமெச்சூர் அந்தஸ்துக்கு இருக்கறதிலேயே பெரிய பில் நிக் டன்லப்புக்கு வந்ததுதான். அலபாமா மாணவர், வயசு 20. 2024 ஜனவரியில் தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற பி.ஜி.ஏ. டூர் போட்டியை ஜெயிச்சார். முதல் பரிசு 15,12,000 டாலர், அப்போதைய மதிப்பில் சுமார் 12.5 கோடி ரூபாய். அமெச்சூர் என்பதால் ஒரு பைசா வாங்க முடியலை. செக் ரெண்டாவதா வந்த கிறிஸ்டியான் பெசைடன்ஹவுட்டுக்குப் போச்சு! படிக்கும்போதே வயிறு எரியுது இல்ல? ஆனா அந்த வெற்றியால் டூரில் ரெண்டு வருடத்துக்கு மேல் ஆடும் உரிமை டன்லப்புக்குக் கிடைச்சது. சில நாட்களிலேயே கல்லூரி கோல்ஃபை விட்டு ப்ரொஃபஷனலா மாறிட்டார்.

சரி, காசே வாங்கக் கூடாதா? அப்படியும் இல்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், முகம் வைத்து விளம்பர வருமானம் வாங்கலாம். 2022-லிருந்து கோல்ஃபின் அமெச்சூர் விதிகளும் அதை அனுமதிக்குது. போட்டிப் பரிசுக்குத்தான் 1,000 டாலர் உச்சவரம்பு.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் நம்ம ஊர்ல ஒரு தப்பான நினைப்பு இருக்கு, "செலக்ட் ஆனா எல்லாமே ஃப்ரீ"ன்னு. பல வருடங்களா ஒரு ஆண்கள் கோல்ஃப் அணிக்கு அனுமதிச்ச மொத்த ஸ்காலர்ஷிப்பே 4.5 தான். அதை எட்டு, ஒன்பது பேருக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகள் ஒன்பது பேர் வரைக்கும் அணியில் வைத்து எல்லோருக்கும் முழுசா கொடுக்கலாம். கொடுக்கலாம், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை. அதனால ஆஃபர் லெட்டர்ல எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்குன்னு பார்க்காம சந்தோஷப்படாதீங்க.

வரி பத்திச் சொல்லாம விட்டா நான் சி.ஏ.வே இல்லை. நம்ம 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு, படிப்புச் செலவுக்கான ஸ்காலர்ஷிப்புக்கு முழு விலக்கு கொடுத்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. டியூஷன், கட்டாயக் கட்டணம், புத்தகம் வரைக்கும்தான் விலக்கு. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் தொகை வரிக்கு உட்பட்ட வருமானம். எஃப்-1 விசா மாணவர்களுக்குப் பொதுவா 14% பிடிச்சுட்டுதான் கொடுப்பாங்க. இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன சலுகை: இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவுப்படி அங்கே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கேட்கலாம். மத்த நாட்டு மாணவர்கள் பெரும்பாலானவர்களுக்கு இது கிடையாது. ஆனா ரிட்டர்ன் ஃபைல் பண்ணினாதான் பிடிச்ச பணம் திரும்ப வரும். விளம்பர வருமானம் மட்டும் எஃப்-1 விசாவில் ரொம்பச் சிக்கல். அமெரிக்காவில் அதுக்காக வேலை செய்தா விசாவுக்கே ஆபத்து, இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்காம எந்த காண்ட்ராக்ட்லயும் கையெழுத்து போட வேண்டாம்.